அதியமான் யார் வீட்டு ஆளு?

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம். ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கவே முடியல. இன்னிக்கும் எழுதியிருக்க மாட்டேன், போன ஞாயித்துக்கிழமை ஊர்லேருந்து மாமா போன் பண்ணாம இருந்திருந்தா.

"மாப்ள, நீதான் கம்ப்யூட்டர்ல இருக்கியே, நம்ம சங்கத்துக்கு ஒரு வெப்சைட் போட்டுக் குடுடா. மொத பக்கத்துல அதியமான் படம், கீழ நம்ம வம்சாவளி. அவர்லேருந்து நம்ம வரைக்கும் வரிசையா வரணும்."

படமும் வாட்ஸப்ல வந்துடுச்சு. முறுக்கின மீசை, ஒரு கைல வேல், இன்னொரு கைல நெல்லிக்கனி. எங்க மாவட்டத்துல பொறந்தவங்களுக்கு இந்தப் படம் புதுசில்ல. ஒரு கல்யாண மண்டப வாசல்ல ஃப்ளெக்ஸா பாத்துட்டு அடுத்த மண்டபத்துக்குப் போனா அங்கயும் இருக்கும். சங்கம்தான் வேற, சாதிதான் வேற. ஒரே பாட்டனுக்கு இத்தனை பங்காளி, ஆனா அவங்களுக்குள்ள பொண்ணு குடுத்து வாங்கறது மட்டும் கிடையாது :-)

தொழில் புத்தி விடுமா? வம்சாவளிக்கு ஒரு டேபிள் போட உக்காந்தேன். பேர், அப்பா பேர், அம்மா பேர், ஊர், அவ்ளோதான். என் வரிசை போட்டேன், அப்பா போட்டேன், தாத்தா போட்டேன், தாத்தாவோட அப்பா போட்டேன். அதோட சரக்கு தீந்துபோச்சு. தாத்தாவோட அம்மா பேர் என்னன்னு வீட்டுல நாலு பேரைக் கேட்டுட்டேன், யாருக்கும் தெரியல. அதுக்கு மேல எல்லாமே காலிக் கட்டம், கடைசில ஒரே ஒரு வரிசை மட்டும்: அதியமான் நெடுமான் அஞ்சி, ஊர் தகடூர். தலைமுறைக்கு 25 வருஷம்னு வச்சாலும் நடுவுல எழுபதுக்கு மேல காலிக் கட்டம் வருது.

போன ப்ராஜெக்ட்ல என்கூட ஒரு இரானியர் வேலை பாத்தார். பேருக்குப் பின்னாடி நீளமா ஒரு குடும்பப்பேர். கேட்டா, அவர் தாத்தா வழி கஜார் ராஜவம்சமாம். 18ஆம் நூற்றாண்டுக் கடைசிலேருந்து 1925 வரைக்கும் இரானை ஆண்டவங்க. அந்த வம்சத்துல ஃபத் அலி ஷான்னு ஒருத்தர், 1834ல செத்தார். அவருக்கு மட்டும் நூறு பிள்ளைங்களுக்கு மேல! 1925ல அந்நாட்டு நாடாளுமன்றம் கஜார் ஆட்சிய முடிச்சு வச்சது. கடைசி அரசர் அகமது ஷா அப்ப ஐரோப்பாவுல இருந்தார், ஊர் திரும்பாமலே 1930ல பாரிஸ் பக்கத்துல செத்துட்டார். அதே 1925ல எல்லாரும் குடும்பப்பேர் வச்சுக்கணும்னு சட்டமும் வந்துச்சு. இளவரசர்களோட பட்டம் அப்படியே வாரிசுங்க பேராகிடுச்சு. ஃபர்மான்ஃபர்மா பட்டம் வாங்கினவர் வழி வந்தவங்க ஃபர்மான்ஃபர்மாயன். தவ்லத்ஷா பட்டம் வாங்கினவர் வழி வந்தவங்க தவ்லத்ஷாஹி. 1951ல எண்ணெய்க் கம்பெனிய நாட்டுடைமையாக்கின பிரதமர் மொசாதேக்கோட அம்மாகூட ஒரு கஜார் இளவரசிதான். இது வம்சாவளி. காகிதம் இருக்கு, நூறு வருஷம்தான் ஆச்சு, பேர்லயே ஒட்டிக்கிட்டிருக்கு.

நமக்கு? பேருக்கு முன்னாடி ஒரு எழுத்து. அதுவும் ஒரு தலைமுறைக்குத்தான் வேலிடிட்டி, என் பையன் வந்தா அழிஞ்சுடும்.

அதுக்காக அதியமான் கட்டுக்கதைன்னு சொல்ல வரல. அப்படிச் சொன்னா நானே சண்டைக்கு வருவேன். அசோகரோட கல்வெட்டுல சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோட 'சதியபுதோ'ன்னு ஒருத்தர் வருவார். யார் இந்த சதியபுதோன்னு பல காலம் ஜல்லியடிச்சாங்க. துளுநாடுன்னார் ஒருத்தர், காஞ்சிபுரம்னார் இன்னொருத்தர். 1981ல திருக்கோவிலூர் பக்கம் ஜம்பைங்கற ஊர்ல பாறை மேல தமிழ் பிராமில ஒரே ஒரு வரி கெடச்சது. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி குடுத்த பாளின்னு. பாளின்னா முனிவர்கள் தங்கற குகை, படுக்கை. அவ்ளோதான், கேஸ் முடிஞ்சது. ஐராவதம் மகாதேவன் அதோட காலத்தை கி.பி. முதல் நூற்றாண்டு வாக்குலன்னு கணிச்சார். ரெண்டாயிரம் வருஷத்து ஆளோட பேர் ஒரு பாறைல நிக்குது. வேற என்ன பெருமை வேணும்?

மகன் பொகுட்டெழினியும் புறநானூற்றுல இருக்கான். போர்லேருந்து நேரா வந்து, பொறந்த பிள்ளைய மொதத் தடவையா பாக்கறார் அதியமான். கைல வேல் அப்படியே, எதிரிய மொறச்ச கண்ணு செவப்பு இன்னும் மாறல. ஔவை பாடினது. வாரிசு இருந்ததுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அப்புறம் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூர் விழுந்தது. அதைப் பத்தின தகடூர் யாத்திரையே முழுசா கெடைக்கல, உதிரிப் பாட்டுங்கதான் மிச்சம்.

அதோட பல நூற்றாண்டு இருட்டு. எட்டாம் நூற்றாண்டுல நாமக்கல் குடைவரைல அதியர் மரபுன்னு குணசீலன்னு ஒருத்தர் வர்றார். 1116ல தலைக்காட்டைச் சோழருக்காகக் காவல் காத்து, ஹொய்சள தளபதி கங்கராஜன்கிட்ட தோத்தவரும் ஒரு அதியமான்தான். இவங்க நெடுமான் அஞ்சியோட நேரடி ரத்தமா, இல்ல அந்தப் பேரை எடுத்துக்கிட்டவங்களான்னு எந்தக் கல்லும் சொல்லாது.

எனக்குப் புடிச்சவர் இதுக்கெல்லாம் அப்புறம், 1200 வாக்குல வர்றவர். விடுகாதழகிய பெருமாள். போளூர் பக்கத்துல திருமலைன்னு ஒரு சமண மலை, பதினாறு அடி உசர நேமிநாதர் நிக்கற இடம். அங்க இவர் கல்வெட்டு இருக்கு. சேர வம்சத்து எழினி செஞ்சு வச்ச யக்ஷன், யக்ஷி சிலைங்க பாழாயிருந்துச்சு, அதை இவர் சரி பண்ணி மறுபடி மலை மேல வச்சார், சேகண்டி ஒண்ணும் குடுத்தார், வாய்க்காலும் வெட்டி வச்சார்னு. கல்வெட்டு தமிழ்லயும் இருக்கு, சமஸ்கிருதத்துலயும் இருக்கு. வடமொழில பேரையெல்லாம் மொழிபெயர்த்து வச்சிருக்காங்க! எழினின்னா திரை, அதனால அவர் 'யவனிகா'. விடுகாதழகியர் 'வ்யாமுக்தச்ரவணோஜ்வல'. லோக்கலைசேஷன் டீம்ல வேலை பாத்தவன்கற முறைல சொல்றேன், இதுக்கு ஒரு பக் போட்டிருக்கலாம்.

இதுல கவனிக்க வேண்டியது, தகடூரை அழிச்சது சேரன். ஆனா இவர் தன் முன்னோரைச் சேர வம்சம்ங்கறார். அதியர் சேரரோட கிளைதான்னு சொல்ற ஆய்வாளர்கள் உண்டு, இருக்கலாம். ஆனா 800 வருஷத்துக்கு முன்னாடி ஆண்ட ஒரு அதிகமானுக்கே தன் வம்சம் நேர்கோடா இல்ல. என் டேபிள்ல நேர்கோடு போடச் சொல்றார் மாமா.

சரி, கணக்காவே பாப்போம். அப்பா அம்மா 2, தாத்தா பாட்டி 4, அப்படியே இரட்டிச்சுக்கிட்டே போனா 30 தலைமுறைல 107 கோடி இடம் வருது. அன்னிக்கு இந்தியாவுலயே அவ்ளோ ஜனம் கிடையாது. ஆக ஒரே ஆளுங்கதான் திரும்பத் திரும்ப எல்லார் மரத்துலயும் உக்காந்திருக்காங்க. "நாமதான் சாதி விட்டு சாதி கட்டலையே"ன்னு மாமா கேப்பார். 2013ல ஹைதராபாத் சிசிஎம்பியும் ஹார்வர்டும் சேந்து பண்ண மரபணு ஆய்வு, சுமார் 1900 வருஷம் முன்னாடி வரைக்கும் இங்க எல்லாரும் கலந்துதான் இருந்தாங்க, அதுக்கப்புறம்தான் கதவு சாத்தினாங்கன்னு சொல்லுது. நெடுமான் அஞ்சி காலம் கிட்டத்தட்ட கதவு சாத்தற நேரம். சாத்தின கதவும் எழுபது தலைமுறை ஒரு பொட்டு ஒழுகாமலா இருந்திருக்கும்? பொகுட்டெழினியோட சந்ததி இன்னிக்கு இருக்குன்னா, அது தருமபுரில அனேகமா எல்லாத் தெருவுலயும் இருக்கு. ஊர்த் தெருவுலயும் இருக்கு, காலனிலயும் இருக்கு.

2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டியில தலித் மக்களோட வீடுங்க 250க்கு மேல எரிஞ்சது. காரணம்னு சொன்னது ஒரு சாதி மறுப்புக் கல்யாணம். அன்னிக்கு நான் காலேஜ்கூட சேரல, ஸ்கூல் பையன். மறுநாள் பஸ்ல பெரியவங்க பேசிக்கிட்ட பேச்சு, அந்தத் தொனி, இன்னும் காதுல இருக்கு. நம்ம வம்சம் என்ன, அவங்க என்னங்கற பேச்சுதான். அதனாலதான் மாமா கேட்ட வெப்சைட் எனக்கு வெறும் நாலு பக்க எச்.டி.எம்.எல். இல்ல. அந்த எழுபது காலிக் கட்டத்தை நான் பேர் போட்டு நிரப்பினா, வேற ஒருத்தனை அதுலேருந்து வெளிய தள்ளறேன்னு அர்த்தம்.

நேத்து போன் போட்டுச் சொல்லிட்டேன். "மாமா, அதியமானுக்கு ஒரு சைட் பண்றேன். ஜம்பை, திருமலை, நாமக்கல் எல்லாம் போட்டோவோட போடறேன். நம்ம ஊர் வேடியப்பன் கோயில் நடுகல்லும் வரும். ஆனா வம்சாவளி கிடையாது, சங்கம் பேரும் கிடையாது."

"அப்ப நமக்கு என்னடா அதுல?"ன்னார்.

மாமாவுக்கு பாலக்கோடு பக்கம் ரெண்டு ஏக்கர் கரும்பு. கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டு வந்ததே அதியமானோட முன்னோர்தான்னு ஔவை பாடியிருக்காங்க, புறம் 99. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் "பொங்கலுக்கு வர்றியா இல்லியா?"ன்னு கேட்டு வச்சுட்டார். கோவமா, சமாதானமான்னு புரியல, ஊருக்குப் போனாதான் தெரியும்.

டிஸ்கி: திருமலை போறவங்க காலைலயே ஏறிடுங்க. நான் மத்தியானம் ஏறி, பாறை சூட்டுல கால் வெந்துபோச்சு.