ஹாலிஎல என்றால் எது?

"ஹாலிஎலையில் இறங்கினேன்" என்றால் புகையிரத நிலையம். "ஹாலிஎலையில் போட்டியிட்டார்" என்றால் தேர்தல் தொகுதி. "ஹாலிஎலையில் வரி செலுத்தினேன்" என்றால் பிரதேச சபை. சொல் ஒன்று, பொருள் பல. எனினும் நம்மூரார் எவரும் மயங்குவதில்லை. கணினிக்கோ ஹாலிஎல என்பது எழுத்துக்களின் வெறும் வரிசை. நடுவில் ஒரு சிறு கோடிட்டு எழுதிவிட்டால் அதனை வேறோர் ஊரென எண்ணினும் எண்ணும்.

இக்குறையை நீக்கும் வழியொன்றை, இணைய வலையைப் படைத்தளித்த டிம் பெர்னர்ஸ் லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லஸ்ஸிலா ஆகிய இருவருடன் சேர்ந்து, 2001 மே மாதத்து 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் விரித்துரைத்தார். அதனைப் 'பொருளுணர் வலை' எனலாம். மனிதர் படிப்பதற்கென எழுதும் பக்கங்களில், யந்திரமும் பொருளறியத்தக்க குறிப்புக்களைச் சேர்த்தல் வேண்டும் என்பதே அதன் சாரம்.

எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் கற்ற மாணவருக்கு இது எளிதில் விளங்கும். அக்குறிப்புக்களும் மூன்றுறுப்புடைய சிறு வாக்கியங்களே. ஹாலிஎல அமைந்திருப்பது பதுளை மாவட்டத்தில். பதுளை மாவட்டம் அமைந்திருப்பது ஊவா மாகாணத்தில். இவ்விரண்டையும் எழுதி வைத்தால், ஹாலிஎல ஊவாவில் உள்ளதென்பதை எவரும் சொல்லாமலே யந்திரம் உய்த்துணரும். ஒவ்வொரு பொருளுக்கும் தனி அடையாளமும் உண்டு. 2012 இல் தொடங்கிய விக்கிதரவில் மகாத்மா காந்தியின் அடையாளம் கியூ 1001. எம்மொழியில் எவ்வாறு எழுதினும் இலக்கம் மாறாது.

கனவு பலித்ததா? அக்கட்டுரையில் அண்ணனும் தங்கையுமாக இருவர், தம் தாயின் சிகிச்சைக்கு நாளும் இடமும் குறிக்கும் வேலையை யந்திரத்திடமே ஒப்படைத்துவிடுகின்றனர். அந்த அளவுக்கு உலகம் இன்னும் வந்து சேரவில்லை. இணையத்தளம் நடத்துவோர் பலர் இவ்வேலையிற் கைவைக்கவே விரும்பவில்லை. கூலியில்லா வேலைக்கு ஆள் கிடைப்பது எங்கும் அரிதன்றோ! 2011 இல் கூகிள், மைக்ரோசொப்ட், யாஹூ ஆகியவை கூடி 'ஸ்கீமா' என்னும் பொதுச் சொற்றொகுதியை வகுத்தன. தேடுவோர் கண்ணில் தம் பக்கம் எடுப்பாகத் தோன்றும் என்ற ஆசையால் வணிகர்கள் அதன் பின்னர் இணங்கலாயினர்.

இப்பொழுதோ கேட்டவருக்கு விடையே நேரிற் கிடைக்கிறது. மூலப் பக்கத்தைத் திறந்து பார்ப்பவர் குறைகின்றனர். வாசகரை வரவேற்கும் திண்ணையாக இருந்த இணையத்தளம், யந்திரங்களுக்குத் தானியம் அளக்கும் களஞ்சியமாக மாறிவிடவுங் கூடும். களஞ்சியத்தில் இல்லாதது விடையிலும் இராது. மலையகத்தார் கவலைகொள்ள வேண்டியது இங்கேதான்.

நம் தோட்டங்கள் பலவற்றுக்குக் கம்பனியின் பலகையில் ஒரு பெயர், லயத்து மக்களின் வாயில் வேறொரு பெயர். இரண்டும் ஒன்றே என யாரேனும் எழுதி வைத்தாலன்றி யந்திரம் அறியாது. மக்கள் கவிமணி 'ஸி. வி.' வேலுப்பிள்ளையும், 'சி. வி.' வேலுப்பிள்ளையும் அதற்கு இருவராகத் தோன்றலாம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் என வகுத்து நூல்களைப் பதிந்து வருவதன் அருமை இதனாற் புலப்படும்.

ஆட்பெயர்களிலும் இக்குழப்பம் உண்டு. செக்ரோலில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் ஒன்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் பிரஜாவுரிமைக்கு அலைந்தவர்களின் பிள்ளைகளுக்குப் பத்திரத்தில் ஓரெழுத்தின் விலை தெரியும். எனினும் உயிரோடிருப்போரின் பத்திரங்களை யந்திரம் கோத்துப் பார்ப்பதை நாம் விரும்பவில்லை. ஊரும் நூலும் போதும்.

விக்கிதரவில் வேறு பெயர்களுக்கென ஒரு கட்டம் உண்டு. லயத்துப் பெயரை மாணவர் எவரும் காசின்றி அதிற் சேர்க்கலாம். ஆனால் அப்பெயர் வந்த காரணத்தைக் கூற்றாக எழுதப் புகின், சான்று காட்டல் வேண்டும். அச்சேறாத கதைக்குச் சான்று ஏது? அதனைச் சொல்லவல்ல முதியவர் இன்று தோட்டத்துக்கு ஓரிருவரே இருப்பர்.