தாலாட்டில் இல்லாத தாய்

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும் கேரளப் பெண்களில் 'ஓமனத்திங்கள் கிடாவோ' தெரியாதவர்கள் அபூர்வம். குறிஞ்சி, நவரோஜ் ராகங்களில் பாடப்படும் இந்தத் தாலாட்டை எழுதியவர் ஓர் ஆண்: திருவனந்தபுரம் கரமனையில் பிறந்த இரயிம்மன் தம்பி (1782-1856). பாட்டு முழுக்கக் கேள்விகள்தான். நிலவா, மலரா, தேனா என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போகிறது. தூங்கு என்று ஓரிடத்தில்கூடச் சொல்லவில்லை.

2013இல் ஆஸ்கார் பரிந்துரை பெற்ற பாம்பே ஜெயஸ்ரீயின் தமிழ்த் தாலாட்டு இதன் சாயல் என்று தம்பியின் பெயரில் இயங்கும் அறக்கட்டளை புகார் எழுப்ப, அவர் மறுத்தார். 'லைஃப் ஆஃப் பை' புண்ணியத்தில் தம்பியின் பெயர் தமிழ்ப் பத்திரிகைகளிலும் அடிபட்டது. அந்தப் பரபரப்பில் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. தாலாட்டப்பட்ட குழந்தையின் தாய்க்கு என்ன ஆயிற்று?

குழந்தை, 1813 ஏப்ரலில் பிறந்த சுவாதித் திருநாள். தாய், கௌரி லட்சுமி பாய். குடும்பத்தில் ஆண் வாரிசு இல்லாததால் 1810இல் பத்தொன்பது வயதில் ஆட்சிக்கு வந்தவர். ரெசிடென்ட் கர்னல் மன்றோவே திவானாகவும் இருந்த காலம் அது. வயிற்றில் இருக்கும்போதே ராஜாவாகிவிட்டதால் பிள்ளைக்கு 'கர்ப்ப ஸ்ரீமான்' என்று பெயர். நான்கு மாதக் குழந்தையை தர்பாருக்குக் கொண்டுவந்து கம்பெனி அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். தாலாட்டில் தெரியும் பூரிப்பு, ஒரு வீட்டின் பூரிப்பு மட்டுமல்ல. ஒரு ராஜ்யத்தின் நிம்மதிப் பெருமூச்சு.

ராணி வாரிசைப் பெற்றுக் கொடுத்ததோடு நிற்கவில்லை. 1812இல் அடிமைகளை வாங்கவும் விற்கவும் தடை விதித்தார். பெரியம்மைக்கு ஊசி குத்திக்கொள்ள மக்கள் பயந்தபோது, அரச குடும்பத்தினருக்கே முதலில் குத்தச் செய்தார் என்கின்றன வரலாற்று நூல்கள். 1814 செப்டம்பரில் இரண்டாவது மகன் பிறந்தான். 1815இல் ராணி இறந்துபோனார். வயது 25கூட நிறையவில்லை. மூத்த மகன் அப்போதுதான் தளர்நடை போட்டுப் பேசப் பழகியிருப்பான்.

பிள்ளைகளும் ராஜ்யமும் தங்கை கௌரி பார்வதி பாயின் மடியில் விழுந்தன. அவர் 1802இல் பிறந்தவர். சித்திக்கு வயது பதின்மூன்று! 1829 வரை பதினான்கு ஆண்டுகள் ரீஜன்டாக நாட்டை ஆண்டார். மக்களின் கல்விச் செலவை அரசு ஏற்கும் என்ற 1817ஆம் ஆண்டு ஆணை அவர் பெயரில்தான் வந்தது.

தமிழ்நாட்டுத் தாலாட்டுகளில் தாய் தன்னைப் பற்றியும் பாடிக்கொள்வாள். பிறந்த வீட்டுப் பெருமை, வராத அண்ணன், புருஷன் வீட்டுக் குறை எல்லாம் அதில் வந்துவிடும். குழந்தைக்குப் புரியாது என்ற தைரியம்தான். தம்பியின் பாட்டில் இது எதுவும் இல்லை. குழந்தை ஜொலிக்கிறது, தூக்கி வைத்திருக்கும் கை கண்ணுக்குத் தெரிவதில்லை.

மருத்துவமும் அந்தக் கையைக் கவனிக்க நெடுங்காலம் ஆயிற்று. எடை குறைந்த குழந்தையென்றால் உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, தாயை வெளியே நிறுத்துவதே வழக்கம். 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பெட்டிகள் போதாமல் போக, டாக்டர்கள் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். கங்காரு முறை என்று பெயர் வந்தது. வறுமையில் பிறந்த யோசனை என்பதாலோ என்னவோ, பணக்கார நாடுகள் உடனே அதை மதிக்கவில்லை. டெல்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே மார்போடு அணைத்தால், முதல் 28 நாள் மரணங்கள் கால் பங்கு குறைகின்றன என்றது அது. குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் தினம் 8 முதல் 24 மணி நேரம் இந்த அணைப்பு தேவை என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. தாய்க்கு முடியாதபோது அப்பாவோ பாட்டியோ சித்தியோ செய்யலாம். தோலோடு தோல் ஒட்டியிருக்கும் சூடுதான் முக்கியம்.

எட்டு மணி நேரம் என்பது ஒரு முழுநாள் கூலி. 2017 சட்டத் திருத்தம் தந்த 26 வாரப் பிரசவ விடுப்பு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களின் பெண்களுக்கு. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அது எட்டாது. அவர்கள் வீட்டில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது பாட்டி. பாட்டியும் இல்லாத வீட்டில், பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய அக்கா.