வேர் சொல்லாத அர்த்தம்

ஒரு வார்த்தையின் உண்மையான அர்த்தம் அது பிறந்த இடத்தில்தான் இருக்கிறது என்று வாதிக்கிற பண்டிதர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. நாம் ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போதே, “அந்தச் சொல்லுக்கு மூலத்தில் அர்த்தம் வேறு” என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். இதைப் படிப்பு என்று பலர் மதிக்கிறார்கள். எனக்கு இது படிப்பாகப் படவில்லை, அதிகாரமாகத்தான் படுகிறது.

இந்த வாதத்தை உரைத்துப் பார்க்க லத்தீன் பாஷை நல்ல உரைகல். ரோமானியர்கள் கிரேக்கத்திலிருந்து வாங்கிய சொற்கள் ஏராளம். ‘ஸ்கோலே’ என்றால் கிரேக்கனுக்கு ஆதியில் ஓய்வு. ஓய்வில் நடக்கும் கல்விப் பேச்சுக்கும் பிறகு அதுவே பெயராயிற்று. ரோமானியன் ‘ஸ்கோலா’ என்று பாடம் நடக்கிற இடத்துக்கு அதை வைத்துக்கொண்டான். ஆங்கில ‘ஸ்கூல்’ அதன் வழிவந்ததே. வேர்தான் உண்மை என்றால் பள்ளிக்கூடம் என்பது விடுமுறை. பையன்கள் சந்தோஷப்படுவார்கள், வாத்தியார் ஒப்புக்கொள்வாரா?

‘பொய்னே’ என்பது கொலை செய்தவன் செத்தவனின் உறவினருக்குக் கொடுத்த ஈட்டுப்பணம். லத்தீனில் அது ‘பொய்னா’ ஆகித் தண்டனையைக் குறித்தது. அதன் வழிவந்த ஆங்கிலப் ‘பெயின்’ வலி. பல்வலியால் துடிக்கிறவனிடம் போய், “இது கொலைக்குக் கட்டுகிற பணமப்பா” என்று சொல்லிப் பாருங்கள்!

இந்தச் சொற்களில் பலவற்றை வாங்கியவர்கள் பண்டிதர்களும் அல்ல. இயந்திரத்துக்கு ஏதென்ஸ்காரன் ‘மேகானே’ என்றான். தென் இத்தாலியில் குடியேறிய டோரியக் கிரேக்கன் ‘மாகானா’ என்றான். லத்தீனில் முதலில் ஏறியது இரண்டாவதுதான், ‘மாகினா’ என்று. பக்கத்து ஊர்ப் பேச்சைக் காதால் கேட்டு வாங்கிய சொல் அது. படித்தவர்கள் பின்னால் ‘மேகானிகுஸ்’ என்று அதே சொல்லை ஏதென்ஸ் வடிவத்தில் இன்னொரு தடவை வாங்கினார்கள். அதற்காக முதல் சொல் ஓடிப்போய்விடவில்லை.

சக்கரவர்த்தியே தடுத்தும் பார்த்தார். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் கிரேக்கம் சரளமாகப் பேசக்கூடியவர். ஆனாலும் செனட் சபையில் ‘மோனோபோலியம்’ என்று சொல்லுமுன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒரு தீர்மானத்தில் ‘எம்ப்ளேமா’ என்று வந்தபோது, “அதை எடுத்துவிட்டு நம் சொல்லைப் போடுங்கள், கிடைக்காவிட்டால் பல வார்த்தைகளில் சுற்றிச் சொல்லுங்கள்” என்றாராம். சுவேடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். சக்கரவர்த்தி போனார், இரண்டு சொற்களும் ஐரோப்பிய பாஷைகள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன.

புதிதாகச் செய்த சொல் நிற்காது என்பதல்ல என் கட்சி. கிரேக்கத்தைப் பார்த்துச் சிசரோ செய்த ‘குவாலிடாஸ்’, ‘மோராலிஸ்’ இரண்டும் நின்றன. ஆனால் சொல்லின் பிறப்பை ஆராய்வதற்குக் கிரேக்கர் வைத்த ‘எடிமொலொகியா’வை, ‘மெய் சொல்லுதல்’ என்று அப்படியே பெயர்த்து ‘வெரிலொக்வியம்’ என்றும் அவர் செய்து பார்த்தார். அது அவருக்கே பிடிக்கவில்லை. வேறு சொல்லை எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவில் நிலைத்தது கிரேக்கப் பெயர்தான். ‘எடுமோன்’ என்றால் உண்மை. பண்டிதர்களின் மூடநம்பிக்கை அவர்கள் சாஸ்திரத்தின் பெயரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது!

நான் கதை எழுதுகிறவன். வேரைத் தெரிந்துகொள்வதில் எனக்கும் ஆசை உண்டு. அது சொல்லின் சரித்திரம். ஆனால் சரித்திரத்தைக் காட்டி, இன்று பேசுகிறவனின் வாயை மூட எவருக்கும் உரிமை கிடையாது. நிலம் உழுகிறவனுக்குச் சொந்தம் என்றால், வார்த்தை பேசுகிறவனுக்குச் சொந்தம்.