பிரிவு 23-ஐ மட்டும் படித்தால் போதுமா? மொபைலுக்குள் ஒரு சட்டப் புத்தகம்

‘பிள்ளைங்க கவனிக்கலையா? எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்ப வாங்கிடலாம். பிரிவு 23! எல்லோருக்கும் பகிரவும்!’ இப்படியொரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்கள் குடும்ப குரூப்புக்கும் வந்திருக்கும். அது பொய் இல்லை. ஆனால், பாதிதான் உண்மை. மீதிப் பாதி அதே சட்டத்தில் வேறு நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. செட்டில்மென்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தவிக்கும் ஓர் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அந்த மீதிப் பாதிதான் முக்கியம்.

சட்டத்தின் பெயர், ‘பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007’. மொத்தம் 7 அத்தியாயங்கள், 32 பிரிவுகள். மத்திய அரசின் ‘இந்தியா கோட்’ இணையதளத்தில் பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால், மொபைலில் பிடிஎஃப் படிப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 23-ஐப் படிக்கும்போது ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி 2-க்குப் போவோம். திரும்பி வருவதற்குள் எங்கே விட்டோம் என்பது மறந்துபோகும். இதற்கு நான் சொல்லும் வழி, மார்க்டவுன் குறிப்புகள்.

மார்க்டவுன் என்றதும் பயப்பட வேண்டாம். அது சாதாரண டெக்ஸ்ட்தான். வரியின் தொடக்கத்தில் # போட்டால் தலைப்பு. > போட்டால் தனியாகத் தெரியும் மேற்கோள் பத்தி. அவ்வளவுதான். ‘அப்சிடியன்’ போன்ற ஆப்களில் இன்னொரு வசதி உண்டு. ஒரு குறிப்பின் பெயரை [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் அது லிங்க் ஆகிவிடும். தொட்டால் அந்தக் குறிப்பு திறக்கும்.

முதல் கேள்வி, முழுச் சட்டத்தையும் ஒரே குறிப்பாகப் போடுவதா, பிரிவுக்கு ஒன்றாக உடைப்பதா? உடைத்துவிடுங்கள் என்பேன். 32 குறிப்புகள்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். ஒரு பிரிவு பெரும்பாலும் மொபைல் திரையில் ஓரிரு முறை தள்ளினால் முடிந்துவிடும். அதைவிட முக்கியமான லாபம், ஒவ்வொரு குறிப்புக்கும் ‘இதை நோக்கி வரும் லிங்க்குகள்’ என்றொரு பட்டியலை ஆப் தானே காட்டும். பிரிவு 5-ஐத் திறந்தால், எந்தெந்தப் பிரிவுகள் அதைக் கைகாட்டுகின்றன என்று தெரியும். அச்சிட்ட புத்தகத்தில் இது கிடைக்காது.

குறிப்புக்கு ‘பிரிவு 23’ என்று பெயர் வைக்காதீர்கள். நாளைக்கு வாடகைச் சட்டத்தையும் சேர்த்தால் அதிலும் ஒரு 23 வந்து நிற்கும். ‘மூத்தோர் 23’ என்பதுபோல ஒரு முன்னொட்டு வேண்டும். கூடவே ‘மூத்தோர் பொருளடக்கம்’ என்று ஒரு குறிப்பு. அதில் 7 அத்தியாயங்களும் தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் அதன் பிரிவுகளுக்கு லிங்க். வீட்டு வாசல் அதுதான்.

காப்பி பேஸ்ட் செய்யும்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. பிடிஎஃப்பில் இருக்கும் அடிக்குறிப்பு எண் அடுத்த எண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும். 23 என்பது 123 ஆகிவிடலாம். அடுத்தது, உட்பிரிவுகளை 1. 2. 3. என்று பட்டியலாக மாற்றிவிடாதீர்கள். மார்க்டவுன் தன் இஷ்டத்துக்கு வரிசை எண் போடும். ஏதாவது ஒரு திருத்தத்தில் (3) நீக்கப்பட்டிருந்தால், திரையில் (4)-ஐ 3 என்று காட்டும். சட்டத்தில் எண் மாறினால் அர்த்தமே மாறிவிடும். (1), (2) என்று இருபக்க அடைப்புக்குறியோடு சாதாரண எழுத்தாகவே விடுங்கள்.

ஓர் உட்பிரிவுக்கே நேராக லிங்க் வேண்டுமென்றால், அப்சிடியனில் அந்தப் பத்தியின் முடிவில் ஓர் இடைவெளி விட்டு ^23-1 என்று அடையாளம் வையுங்கள். பிறகு [[மூத்தோர் 23#^23-1]] என்று எழுதினால் சரியாக அந்தப் பத்திக்கே போகும். இந்த அடையாளத்தில் தமிழ் எழுத்து ஏற்காது. எண்ணும் சிறு கோடும் போதுமே!

சரி, இப்போது 23-க்குப் போவோம். சுருக்கம் இதுதான்: இந்தச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, ஒரு மூத்த குடிமகன், ‘என் அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையோடு தானமாகவோ வேறு வகையிலோ சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்க மறுத்தால், அவர் விரும்பினால் அந்த மாற்றம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். ஒரே வாக்கியம். இதில் எத்தனை லிங்க் போட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

‘சட்டம் அமலுக்கு வந்த பிறகு’: இது பிரிவு 1(3)-க்குப் போகிறது. அமல் தேதியை அந்தந்த மாநில அரசுதான் அறிவிக்கும் என்கிறது அது. அதற்கு முந்தைய பத்திரம் என்றால் இந்தக் கதவு திறக்காது. ஃபார்வர்டில் இதைப் பற்றி மூச்சே இல்லை.

‘மூத்த குடிமகன்’: பிரிவு 2(எச்). இந்தியக் குடிமகனாக, 60 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பக்கத்திலேயே 2(டி) இருக்கிறது. ‘பெற்றோர்’ என்றால் பெற்றவர், தத்தெடுத்தவர், மாற்றாந்தாய், மாற்றுத் தந்தை எல்லோரும் அடக்கம். வயது வரம்பே இல்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு விஷயம் புரியும். 57 வயது அம்மா, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தால், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்டு பிரிவு 4, 5-ன்கீழ் விண்ணப்பிக்கலாம். ஆனால், 23 ‘மூத்த குடிமகன்’ என்றே தொடங்குகிறது. ஒரு லிங்க்கைத் தொட்டதில் கிடைத்த விடை இது!

படுத்த படுக்கையாக இருப்பவர் என்ன செய்வார்? 23(3) வழி சொல்கிறது. ஆனால், நேராகச் சொல்லாமல் 5(1)-ன் விளக்கத்தைப் பார்க்கச் சொல்கிறது. அங்கே போனால், பதிவுசெய்யப்பட்ட தன்னார்வ அமைப்பு அவர் சார்பில் நடவடிக்கை எடுக்கலாம் என்று தெரிகிறது. சட்டமே ‘அங்கே போய்ப் பார்’ என்று சொல்லும் இத்தகைய இடங்களுக்கு முதலில் லிங்க் போடுங்கள். அடுத்து, பிரிவு 2-ல் பொருள் சொல்லப்பட்ட சொற்களுக்கு, ஒரு பிரிவில் முதல்முறை வரும்போது மட்டும். எல்லாச் சொல்லுக்கும் போட்டால் பக்கம் முழுக்கக் கலராகி, எதைத் தொடுவது என்றே தெரியாது.

‘நிபந்தனை’ என்ற சொல்லுக்குத்தான் லிங்க் சட்டத்துக்கு வெளியே போகிறது. நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும், கவனிக்கவில்லை என்று சொன்னால் மட்டும் போதாது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில் தானப் பத்திரம் ரத்தானதை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்த வழக்கில் கவனித்துக்கொள்வதாக மகன் தரப்பு தனியே எழுதிக்கொடுத்த உறுதிமொழி பற்றியும் பேசப்பட்டது. இந்தத் தீர்ப்புகளை ‘மூத்தோர் தீர்ப்புகள்’ என்று தனிக் குறிப்பில் வைத்து 23-லிருந்து லிங்க் கொடுங்கள். சட்டத்தின் வரிகளுக்கு நடுவே எழுதவே கூடாது. பிரிவு 17-ம் அப்படித்தான். தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்கிறது சட்டம். 2021-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்கவில்லை. இரண்டும் இரண்டு இடத்தில் இருந்தால்தான் எது யார் சொன்னது என்று தெரியும்.

உங்கள் தமிழ்ச் சுருக்கத்துக்கும் இதே விதிதான். ஆங்கில மூலத்தைத் தொடாமல் மேலே விட்டுவிட்டு, கீழே > போட்டு உங்கள் வரிகளை எழுதுங்கள். ஒரு வருஷம் கழித்து அக்கா திறந்து பார்த்தாலும் எது சட்டம், எது தம்பியின் தமிழ் என்று குழம்ப மாட்டார்.

மாநில விதிகளுக்கும் தனிக் குறிப்புகள் வேண்டும். பிரிவு 9(2), ஜீவனாம்சத்தின் உச்சவரம்பை மாநில அரசின் விதிக்கு விட்டு, அதுவும் மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்கிறது. நம்மூருக்கு 2009-ம் ஆண்டின் தமிழ்நாடு விதிகள் இருக்கின்றன. சட்டத்தை மட்டும் சேமித்தால் பாதி வேலைதான்.

பிரிவு 12-ல் ஒரு வேடிக்கை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 9-வது அத்தியாயம், இந்தச் சட்டம் இரண்டின்கீழும் ஜீவனாம்சம் கேட்க உரிமை இருந்தால், ஏதாவது ஒன்றில்தான் கேட்கலாம் என்கிறது. அந்தப் பழைய சட்டமே 2024 ஜூலை 1 முதல் இல்லை. அதன் 125-வது பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. ‘144-ஆ, தடை உத்தரவாச்சே!’ என்று பதறாதீர்கள். அந்தத் தடை உத்தரவு 163-க்குக் குடிபோய்விட்டது. இதற்கு, பழைய எண்ணும் புது எண்ணும் உள்ள ஒரு குட்டிக் குறிப்பு வைத்துக்கொண்டால் போதும்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகத்தில்தான் நடக்கிறது. அங்கே மொபைலை நீட்ட முடியாது, பிரின்ட் அவுட்தான் எடுத்துப் போக வேண்டும். பேப்பரில் லிங்க்கைத் தொட முடியாது. அதனால், ‘இங்கே பார்க்க’ என்று லிங்க் வைக்காமல் [[மூத்தோர் 5|பிரிவு 5(1) விளக்கம்]] என்று எண் வெளியே தெரியும்படி எழுதுங்கள். நடுவில் உள்ள அந்த நேர்க்கோட்டுக்கு வலப்பக்கம் இருப்பதுதான் திரையிலும் பேப்பரிலும் தெரியும்.