புது பேட்டரி வாங்கும் முன் டைனமோவைப் பாருங்கள்!

கேள்வி: ''அப்பா 1974-ம் ஆண்டு வாங்கிய இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் எங்களிடம் இருக்கிறது. இன்ஜின் இன்றும் நன்றாக இழுக்கிறது. ஆனால், இரண்டு ஆண்டுகளில் மூன்று பேட்டரி மாற்றிவிட்டோம். காலையில் செல்ஃப் எடுப்பதில்லை. மேட்டில் நிறுத்தி, உருட்டித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். ராத்திரி கரும்பு லோடு ஏற்றிப் போகும்போது விளக்கு மங்கிவிடுகிறது. போன மாதம் பின்னால் வந்த லாரி மயிரிழையில் தப்பித்தது. ஒரு கடையில் புது பேட்டரி வாங்கச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் டைனமோவைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர் மாட்டச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?''

- வாசகர், செய்யாறு.

பதில்: மூன்று பேட்டரியும் மோசமானதாக வந்திருக்க வாய்ப்பு குறைவு. சார்ஜ் ஏறாமல் பாதி காலியாகவே கிடக்கும் பேட்டரியில், ஈயத் தகடுகள்மீது சல்பேட் படிந்து இறுகிவிடும். எவ்வளவு நல்ல பேட்டரியாக இருந்தாலும் அந்த நிலையில் சில மாதங்கள்தான் தாங்கும். டீசல் இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், தொடர்ந்து ஓட மின்சாரம் தேவையில்லை. அதனால், சார்ஜ் ஏறாதது பகல் உழவில் யாருக்கும் தெரியாது. இருட்டி, விளக்கைப் போட்ட பிறகுதான் தெரியும்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். இன்ஜின் நிற்கும்போது முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். இன்ஜினை நடுத்தர வேகத்தில் வைத்தால், அது 14 வோல்ட் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பேட்டரி கடைக்குப் போவதில் பயனில்லை.

அடுத்து பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால், அரை அங்குலம் அளவுக்கு உள்ளே போகலாம். அதற்கு மேல் தொய்ந்தால் வழுக்கும். பிறகு எர்த். பேட்டரியிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் ஒயரின் லக்கைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை இரும்பு பளிச்சென்று தெரியும்வரை சுரண்ட வேண்டும். புதுப்பித்த பழைய வண்டிகளில் இந்தக் கோளாறு அதிகம். ஆசை ஆசையாகப் பெயின்ட் அடித்தவர், எர்த் உட்காரும் இடத்துக்கும் சேர்த்தே அடித்திருப்பார்!

இவை சரியாக இருந்தால் டைனமோவைச் சோதிக்கலாம். அதில் இரண்டு முனைகள் இருக்கும். பெரியது 'டி', சிறியது 'எஃப்'. இரண்டு ஒயர்களையும் கழற்றி, பாடியில் படாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, டைனமோவின் இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணைக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை அந்த இணைப்பிலும், மறுமுனையை டைனமோவின் உடம்பிலும் வைத்து, இன்ஜினை ஐடிலில் இருந்து மெதுவாக ஏற்ற வேண்டும். வோல்ட் சீராக ஏறி, 15-ஐத் தாண்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. 20-க்கு மேல் போக விடக் கூடாது. முள் அசையவே இல்லை என்றால் கார்பன் பிரஷைப் பார்க்க வேண்டும். பிரஷ் தேய்ந்திருக்கும் அல்லது கூட்டில் சிக்கியிருக்கும். ஒரு வோல்ட்டோடு நின்றால் ஃபீல்டு காயிலையும், நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சரையும் சந்தேகிக்கலாம்.

டைனமோ நன்றாக இருந்தால், கோளாறு ஒயரிலோ கட்-அவுட் பெட்டியிலோ இருக்கிறது. லூகாஸ் முறையில் ஒயரிங் செய்த வண்டிகளில் 'டி' ஒயர் மஞ்சள், 'எஃப்' ஒயர் மஞ்சளில் பச்சைக் கோடு, பேட்டரி ஒயர் பழுப்பு. 50 ஆண்டுகளில் எத்தனையோ கைகள் மாறிய வண்டியில் எல்லாமே சிவப்பாகத்தான் இருக்கும். நிறத்தை நம்பாமல், மீட்டர் வைத்து ஒவ்வொரு ஒயரையும் இரு முனைகளிலும் சோதித்து, சீட்டு கட்ட வேண்டும். 'டி'யும் 'எஃப்'பும் இடம் மாறினால் ரெகுலேட்டரின் பாயின்ட்கள் கருகிவிடும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலேய வடிவமைப்பு வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் சாதாரணம். பேட்டரியின் எந்த முனை சேஸிஸுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்வது அவசியம். புது பேட்டரி மாட்டும்போது யாராவது திருப்பிப் போட்டிருந்தால் டைனமோவின் துருவத்தையும் மாற்றியாக வேண்டும். 'எஃப்' ஒயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, டைனமோவின் 'எஃப்' முனையை இரண்டு மூன்று முறை தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி வரும். பேட்டரி மூடிக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாது. அங்கே ஹைட்ரஜன் வாயு இருக்கும்.

ஆர்மேச்சரே எரிந்துவிட்டது என்றால் மட்டும் ஆல்டர்னேட்டருக்குப் போகலாம். ஐடிலிலும் சார்ஜ் தருவது அதன் பெரிய வசதி. ஆலை வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் வண்டிக்கு இது உதவும். ஆனால், டைனமோ இருந்த இடத்தில் மாட்டிவிட்டு, பழைய ஒயர்களையே சொருகுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. அது ஆபத்து. ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ரெகுலேட்டர் இருக்கிறது என்றால், பழைய கட்-அவுட் பெட்டி சார்ஜிங் பாதையில் இருக்கவே கூடாது. பழைய டைனமோ தருவது அதிகபட்சம் 20 ஆம்பியர் சொச்சம். ஆல்டர்னேட்டர் அதைப்போல இரண்டு மடங்கு தரும். அதைப் பழைய ஒயரிலும், 30 ஆம்பியர் மீட்டரிலும் செலுத்தினால் டேஷ்போர்டில் புகை வரும். 6 சதுர மி.மீ. செப்பு ஒயரை, செல்ஃப் மோட்டாரில் பேட்டரி ஒயர் வந்து சேரும் முனைக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். ஆம்பியர் மீட்டருக்குப் பதில் வோல்ட் மீட்டர் வைக்கலாம். சிறிய முனைக்கு, சாவியிலிருந்து 2.2 வாட் பல்பு வழியாக மெல்லிய ஒயர் போக வேண்டும். பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜே தொடங்காமல் போகலாம். வண்டி பாசிட்டிவ் எர்த்தாக இருந்தால் அதை நெகட்டிவுக்கு மாற்றிய பிறகே மாட்ட வேண்டும். இல்லையென்றால் தொட்ட நொடியிலேயே டயோடுகள் போய்விடும்.

செய்யாறு வாசகர் பெல்ட், எர்த், டைனமோ என்ற வரிசையில் பார்ப்பது நல்லது. முதல் இரண்டுக்குச் செலவே கிடையாது. வேலை முடியும்வரை ராத்திரி லோடு வேண்டாம். பகலிலேயே போனாலும், டிரெய்லரின் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரை இன்றைக்கே ஒட்டிவிடலாம். அதற்கு பேட்டரி தேவையில்லை.