கம்பி மாறினால்

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலம் போகிற வண்டிகளால் இலஞ்சியில் சாலையைக் கடக்க முடியவில்லை. இந்த வாரம் அதைத்தான் எழுதுவதாக இருந்தது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். டீக்கடையில் கைமாறிய ஒரு வீடியோ எல்லாவற்றையும் மாற்றிவிட்டது.

அந்த வீடியோவில் யாரோ ஒரு இளைஞர் வீட்டிலேயே விமானம் செய்திருக்கிறார். “பைக் என்ஜின்தானாம் அண்ணாச்சி, மூளக்காரப் பய!” என்று ஒருவர் வியக்க, “எத்தன ஹெச்.பி.?” என்று இன்னொருவர் கேட்க, பேச்சு அதைத் தாண்டவே இல்லை. பம்புசெட்டு வாங்கும்போதும் ஹெச்.பி.யை, அதாவது குதிரைத்திறனை, மட்டுமே கேட்கிற வழக்கம் நமக்கு. விமானத்திலுமா?

குதிரைத்திறன் மட்டும் விமானத்தைப் பறக்க வைத்துவிடாது. 1903 டிசம்பர் 8 அன்று அமெரிக்க விஞ்ஞானி லாங்லியின் விமானம் 52 குதிரைத்திறன் என்ஜினோடு போட்டோமாக் ஆற்றில் விழுந்தது. ஒன்பது நாள் கழித்து ரைட் சகோதரர்கள் ஏறக்குறைய 12 குதிரைத்திறனில் பறந்தார்கள். 1906இல் அவர்கள் பெற்ற காப்புரிமை என்ஜினுக்கு அல்ல, விமானத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல கதை இருக்கிறது. கேரளத்தில் தொடுபுழா அருகே தட்டக்குழாவைச் சேர்ந்த சஜி தாமஸ் காது கேளாதவர், வாய் பேசாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அவர் தன் கையால் செய்த இருவர் அமரும் சிறு விமானம் 2014இல் பறந்தது மணிமுத்தாறில். தென்காசியிலிருந்து கடையம், அம்பாசமுத்திரம் வழியாகப் போனால் வருகிற அதே மணிமுத்தாறு. ஓட்டிப் பார்த்தவர் விமானப்படையில் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். செய்தவர் ஒருவர், சோதித்தவர் அனுபவம் மிக்க இன்னொருவர். இந்தப் பத்தியாளருக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

காரணம் உண்டு. ஓட்டுபவர் கட்டுப்பாட்டு ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இட இறக்கையின் ஏலரான், அதாவது பின்விளிம்பில் அசையும் மடல், மேலே எழ வேண்டும், வல இறக்கையினுடையது கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் விமானம் இடப்பக்கம் சாயும். ஸ்டிக்குக்கும் ஏலரானுக்கும் நடுவே எஃகுக் கம்பிகள், புல்லிகள், கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிள்கள், நட்டு கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்கள். இரண்டு கம்பிகள் இடம் மாறினால் எல்லாம் வழுவழுவென்று அசையும், ஆனால் நேர் எதிராக அசையும். மேலே போனபின் வலப்பக்கம் சாய்கிற விமானத்தை நிமிர்த்த ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால், அது இன்னும் வலப்பக்கமே சாயும். பதறி மேலும் தள்ளுவதே மனித இயல்பு.

ராய் சாட்விக் அப்படித்தான் இறந்தார். இரண்டாம் உலகப்போரின் புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த மேதை அவர். 1947 ஆகஸ்ட் 23 அன்று, தான் வடிவமைத்த ஆவ்ரோ டியூடர் 2 விமானத்தின் சோதனைப் பறப்பில் அவரும் உடன் சென்றார். பராமரிப்பின்போது ஏலரான் இணைப்பு தவறாகப் பூட்டப்பட்டிருந்தது. இங்கிலாந்தின் உட்ஃபோர்டில் தரையை விட்டு எழுந்த சற்று நேரத்தில் விமானம் விழுந்து நான்கு பேர் மாண்டார்கள்.

அது பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. 2018 நவம்பர் 11 அன்று, போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானா நிறுவனத்தின் எம்ப்ரேயர் ஜெட் விமானத்திலும் ஏலரான் கம்பிகள் மாறியிருந்தன. விமானிகள் நெடுநேரம் வானத்தில் போராடி, பேஜா ஓடுதளத்தில் இறக்கினார்கள். உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள். பட்டயம் பெற்ற நிபுணர்கள் கைவைத்த ஜெட்டிலேயே இது நடக்குமானால், மொட்டைமாடியில் தனியாகச் செய்பவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இதற்கு எளிய பரிசோதனை உண்டு. ஸ்டிக்கின் உச்சியில் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்துச் சாய்க்க வேண்டும். விரல் காட்டும் பக்கத்து ஏலரான் எழுந்திருக்க வேண்டும். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் பூட்டியவரே பார்த்தால் போதாது. தான் செய்தது சரி என்று நம்புகிற கண்ணுக்குத் தன் பிழை தெரியாது.

இந்த வட்டாரத்துப் பொறியியல் மாணவர்கள் பலர் டிரோனும் குட்டி விமானமும் செய்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பறக்கவிடும் முன், அதைச் செய்யாத ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு இணைப்பையும் காட்டுங்கள். வீடியோவைப் பகிர்கிறவர்களும், ஹெச்.பி. எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இதைச் சரிபார்த்தவர் யார் என்று கேளுங்கள்.