ஒருவகை நெல்

முக்கூடற்பள்ளு நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நான் சற்றே தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. நெல்விதைகளின் பெயர்கள் அடுக்கடுக்காக வரும் பகுதி அது. மணல்வாரி, சித்திரக்காலி, சிறைமீட்டான் என்று நீளும் அந்தப் பெயர்களுக்கு உரை 'ஒருவகை நெல்' என்று மட்டும் சொல்லும். அகராதியைப் புரட்டினாலும் அதே விடைதான். சென்ற ஆண்டு உழவர் வீட்டு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, மணல்வாரி குட்டையா நெட்டையா? எத்தனை நாள் பயிர்?" என்று கேட்டாள். இருபது ஆண்டுகளாக அப்பாடலை நடத்திவரும் என்னிடம் விடை இல்லை.

அந்த மௌனத்தை என் தனிப்பட்ட அறியாமை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. பெயரை ஏட்டில் காத்துவிட்டால் பொருளையும் காத்துவிட்டதாக நம்பும் பழக்கம் நமக்கு உண்டு. பதிப்பித்துவிட்ட நூல் நூலகத்தில் ஐம்பது ஆண்டுகள் தூங்கலாம். நெல் அப்படித் தூங்காது. சாதாரணமாக வீட்டில் வைத்திருக்கும் விதைநெல் ஓரிரு ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். யாரேனும் ஒருவர் விடாமல் விதைத்துக்கொண்டிருந்தால்தான் ஓர் இரகம் உயிரோடிருக்கும்.

விதை வங்கிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் குளிரறைகளில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. அந்த நிறுவனம் 1966-இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 பலருடைய பசியைத் தீர்த்தது; அதைப் பழிப்பது நன்றியன்று. ஆனால் குளிரறை விதையை மட்டுமே காக்கும். காட்டுயானத்தைத் தண்ணீர் தேங்கும் பள்ளக்காலில் விதைக்க வேண்டும், அதற்கு ஏறத்தாழ ஆறு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்னும் அறிவு உழவரின் கையிலும் கண்ணிலும் இருப்பது. அதைக் குளிரூட்டி வைக்க வழியில்லை.

இப்போது நகரத்துக் கடைகளில் மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் அழகிய பைகளில் கிடைக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆயினும் அரிசி விதையாகாது. உண்பவர் விரும்பும் நான்கைந்து இரகங்கள் பிழைத்துக்கொள்ளும். சந்தைக்குப் பெயர் தெரியாத மற்றவை என்ன ஆகும்? மருந்துக் குணங்களை மிகைப்படுத்திச் சொல்லும் விளம்பரங்களால் ஒரு விதையும் பெருகிவிடாது.

இந்த இடத்தில்தான் நெல் ஜெயராமன் எனக்கு ஓர் ஆசிரியராகத் தோன்றுகிறார். நம்மாழ்வாரின் வழியில் வந்த அவர், திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்தினார். 2018 டிசம்பரில் மறைவதற்குள் ஏறத்தாழ 170 இரகங்களை மீட்டார். அவர் வகுத்த விதி எளியது: இரண்டு கிலோ விதை பெற்றுச் செல்பவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். நான்கு கிலோ திரும்ப வேண்டுமானால் வாங்கியவர் பயிரிட்டாக வேண்டும். கலப்பில்லாமல் விதை எடுக்கவும் கற்றாக வேண்டும். ஒரு பாடத்திட்டமே அந்த விதிக்குள் அடங்கியிருக்கிறது.

கற்க வேண்டியதும் மலைப்பூட்டுவதன்று. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. ஆகவே இரகம் எளிதில் மாறிவிடாது. உயரத்திலும் பூக்கும் நாளிலும் மாறுபட்டு நிற்கும் கலவன் பயிர்களைக் கதிர் முற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும். வரப்போரத்தை விட்டு வயலின் நடுவிலிருந்து விதைக்கதிர் எடுக்க வேண்டும். நன்றாகக் காயவைத்து, நொச்சியோ வேம்போ இட்டுச் சேமிக்க வேண்டும். விதைக்குமுன் நூறு நெல்மணிகளை ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து முளைத்தவற்றை எண்ண வேண்டும். எண்பதுக்குக் குறைந்தால் அது நல்ல விதையன்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு பருவத்தில் கற்றுவிடக்கூடியது இது. விதையைச் சேமிக்கவும் பரிமாறிக்கொள்ளவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் ஏற்றிருக்கிறது. உரிமை இருந்தும் செய்முறை மறந்துபோனால் அந்தச் சட்டத்தால் யாருக்குப் பயன்?

தென்மாவட்டங்களில் நிலத்தையே 'இத்தனை கோட்டை விதைப்பாடு' என்று விதையால் அளந்தவர்கள் நாம். பள்ளு நூல்களைப் பாடமாக வைத்திருக்கும் கல்லூரிகளில் பலவற்றுக்குப் புல் முளைத்த வெற்றிடம் இருக்கிறது. அதில் ஐந்து சென்ட் போதும். தாவரவியல் துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து ஆண்டுக்கு மூன்று இரகங்களை விதைக்கட்டும். அருகிலுள்ள உழவர்களை ஆசிரியர்களாக அழைக்கட்டும். அறுத்த விதையை மாணவர் வீடுகளுக்கு அதே இருமடங்கு விதிப்படி கொடுக்கட்டும். இலக்கியத் துறைக்கு இது வேலையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். பொருள் தெரியாத சொற்களை மாணவர்களுக்கு மனப்பாடம் செய்விப்பது மட்டும் எப்படி நம் வேலையாயிற்று என்பதே என் பதில்.

அந்த மாணவி இவ்வாண்டு இறுதியாண்டில் இருக்கிறாள். அவள் கேள்விக்கான விடை கல்லூரி மண்ணில் விளைவதை அவள் படிப்பு முடிவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. முதல்வரிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன்.